எந்தக் கடலை வரைகிறோம்? அம்பாறைக் கரையும் கடல் வெப்பநிலை வரைபடங்களின் தேர்வு விதிகளும்

1. கேள்வி

கல்முனைக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை வீசும் கச்சான், மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு ஈரமிழந்து சூடேறி இறங்கிவரும் தென்மேல் பருவக்காற்றே. தீவின் தென்முனையைச் சுற்றி இக்காற்று விசையோடு செல்கிறது. மலைகளின் மறைவில் கிடக்கும் கிழக்குக் கடலில் அதன் விசை குறைகிறது. காற்றின் இந்த ஏற்றத்தாழ்வு மேல்நீரைச் சுழற்றி வெளித்தள்ள, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்நீர் எழுகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வினயசந்திரனும் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யமகாட்டாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் குளிர்நீர் வீக்கத்தை ‘இலங்கைக் குவிமாடம்’ என்ற பெயரில் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. மே மாதமளவில் உருவாகி யூலையில் முதிர்ந்து செப்டெம்பருக்குப் பின் கலையும் இக்குவிமாடத்தின் மையம் ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கிலும் 83 பாகை கிழக்கு நெட்டாங்கிலும் அமைகிறது. கல்முனையிலிருந்து அது 150 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரம்; நம் பலநாள் படகுகள் போய்வரும் கடல்.

ஆனால் உலகின் பெரிய நிறுவனங்கள் வெளியிடும் கடல் மேற்பரப்பு வெப்பநிலை வரைபடங்களில் இக்குவிமாடத்தைத் தேடுபவர் மங்கலான ஒரு நிழலைத்தான் காண்பார். இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று இயற்கை: காற்றடங்கிய மறைவில் வெயில் கடலின் மேல்தளத்தைச் சூடாக்கிவிடுவதால், சில பத்து மீற்றர் ஆழத்தில் இருக்கும் குளிர்ச்சி மேலே முழுமையாகத் தெரிவதில்லை. மற்றது மனிதர் வகுத்தது: எந்த அவதானிப்பை ஏற்பது, எதை விலக்குவது, ஏற்றவற்றில் எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்ற விதிகள். இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. தேர்வு தவிர்க்க முடியாதது என்பதை மறுக்கவில்லை. உலகச் சராசரி ஒன்றைக் கணிப்பதற்காக வகுக்கப்பட்ட தேர்வு விதிகள், அம்பாறைக் கரை போன்ற ஒடுங்கிய கண்டமேடையுள்ள வெப்பவலயக் கரைக்கு வரும்போது, அக்கரைக்கு மிகத் தேவையான தகவலையே முறையாகக் கழித்துவிடுகின்றன என்பதே இங்கு முன்வைக்கும் வாதம்.

2. ஒரு சதுரத்துக்குள் எத்தனை கடல்

கடல் வெப்பநிலையை முறைப்படி சேகரிக்கும் வழக்கத்துக்கு அடித்தளமிட்டது 1853இல் பிரசெல்ஸ் நகரில் கூடிய கடல்சார் மாநாடு. அமெரிக்கக் கடற்படையின் மத்தியூ மோரி முன்னின்று கூட்டிய அம்மாநாட்டுக்குப் பின், கப்பல்களின் நாட்குறிப்பேடுகள் ஒரே வடிவில் எழுதப்படலாயின. குவிந்த எண்களைப் பிரித்து அடுக்குவதற்குப் பிரித்தானியக் கடற்படைச் செயலாளராயிருந்த வில்லியம் மார்ஸ்டன் வகுத்த முறை கைகொடுத்தது. சுமாத்திராவின் வரலாற்றையும் மலாய் அகராதியையும் எழுதிய அதே மார்ஸ்டன்தான். அவர் உலகப் படத்தைப் பத்துப் பாகைக்குப் பத்துப் பாகைச் சதுரங்களாக வெட்டினார். அந்தக் கணக்கில் கல்முனை அடங்கும் சதுரம் நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகை வடக்கு வரையும், 80 பாகையிலிருந்து 90 பாகை கிழக்கு வரையும் நீள்கிறது. மருதமுனைக் கரைவலைக்காரரின் கடலும் நிக்கோபாரை நெருங்கும் நடுக்கடலும் அங்கே ஒரே அறையில் கிடக்கும்.

சதுரங்கள் பின்னர் சிறுத்தன. பிரித்தானிய வானிலை அலுவலகத்தின் மாதாந்தத் தொகுப்பு ஐந்து பாகைச் சதுரங்களைக் கொண்டது. 5 முதல் 10 பாகை வடக்கு, 80 முதல் 85 பாகை கிழக்கு என்ற சதுரத்துள் கல்முனை விழுகிறது. பருத்தித்துறையும் காலியும் அதே சதுரத்தில்தான். அமெரிக்காவின் நோவா நிறுவனம் மீள்கட்டமைக்கும் மாதாந்தத் தொகுப்பில் சதுரம் இரண்டு பாகை. அதில் கல்முனை, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று ஆகியவை திருகோணமலையோடு ஒரே சதுரத்தில் சேர்கின்றன; 7 பாகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் பொத்துவிலோ அம்பாந்தோட்டையோடு வேறொரு சதுரத்தில் போய் விழுகிறது. ஒரே மாவட்டத்தின் ஒரே கரை, கடலின் இயல்பில் எவ்விதப் பிரிவும் இல்லாத ஓரிடத்தில், ஒரு கோட்டால் இரண்டாகிறது. உலகளவில் கணக்கிடுவோருக்கு இது ஒரு பொருட்டல்ல. இந்தக் கரையின் வெப்பநிலை 50 ஆண்டுகளில் எவ்வாறு மாறியது என்று அறிய ஐந்து பாகைச் சதுரத்தின் எண்ணை எடுத்தாளும் உள்ளூர் ஆய்வாளருக்கு இது மிகப்பெரிய பொருட்டு.

சதுரத்தின் அளவைவிடக் கவனிக்க வேண்டியது சதுரத்துக்குள் அவதானிப்புகள் எங்கே குவிந்தன என்பது. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்த பின், சூயஸுக்கும் மலாக்காவுக்கும் இடையிலான பெருவழி தேவேந்திரமுனைக்குத் தெற்கே அமைந்தது. இன்றும் உலகின் நெரிசல் மிகுந்த கப்பல் வழிகளுள் அது ஒன்று. அந்த வழி 5 பாகைக்கும் 6 பாகைக்கும் இடையே செல்வதால், கல்முனை அடங்கும் ஐந்து பாகைச் சதுரத்தின் தென்விளிம்பு கப்பல் அவதானிப்புகளால் நிரம்பி வழிய, அதன் நடுவும் வடக்கும் ஒப்பளவில் வறண்டு கிடக்கும். கொழும்பிலிருந்து கல்கத்தா செல்லும் கப்பல்கள் கிழக்குக் கரையை ஒட்டிச் சென்றன என்பது உண்மை. ஆயினும் எண்ணிக்கையில் பெருவழிக்கு அவை ஈடல்ல. எனவே அச்சதுரத்தின் சராசரி என்று நம் கைக்கு வருவது, பெருமளவு, தென்கரைக்கு அப்பால் கடந்துபோன கப்பல்கள் கண்ட கடலின் சராசரி. தென்மேல் பருவத்தில் அந்தத் தென்கடலுக்கும் கிழக்குக் கடலுக்கும் காற்றும் நீரோட்டமும் வேறு.

தொகுப்பாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அவர்கள் வெப்பநிலையை நேரடியாகச் சராசரி எடுப்பதில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் காலத்துக்கும் உரிய நீண்டகால இயல்பிலிருந்து எவ்வளவு விலகியது என்பதையே எடுக்கிறார்கள். விலகல் பரந்த பரப்பில் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் என்பது அதன் அடிப்படை. நல்ல உபாயம்தான். ஆனால் அந்த நீண்டகால இயல்பு எங்கிருந்து வந்தது? அதே வறண்ட அவதானிப்புகளிலிருந்து. ஓரிடத்தின் இயல்பே அண்டை இடத்திலிருந்து கடன்வாங்கியதாக இருக்கும்போது, அதிலிருந்து கணிக்கும் விலகலும் கடனாகத்தான் இருக்க முடியும்.

3. வாளியும் இயந்திர அறையும்

தேர்வின் விளைவு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு இரண்டாம் உலகப்போர்க் காலமே தெளிவான சான்று. அக்காலத்தில் கடல்நீரின் வெப்பநிலையை அளக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கன்வஸ் வாளியைக் கயிற்றில் இறக்கி நீரள்ளி அதனுள் வெப்பமானியை வைப்பது. காற்றில் ஆவியாகும் நீர் வாளியைக் குளிர்விப்பதால் அளவீடு சற்றுத் தாழும். மற்றது, இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளிழுக்கும் நீரை அளப்பது. இயந்திர அறையின் சூட்டால் அளவீடு சற்று உயரும். 1942 தொடக்கம் 1945 ஆகஸ்ட் வரை கிடைத்த அவதானிப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் அமெரிக்கக் கப்பல்களினுடையவை. அவை பெரும்பாலும் இயந்திர அறை நீரையே அளந்தன. போர் முடிந்ததும் வாளியால் அளந்த பிரித்தானியக் கப்பல்களின் பங்கு ஏறத்தாழ பாதியாக உயர்ந்தது. 1945இன் பிற்பகுதியில் உலகச் சராசரி வெப்பநிலை திடீரெனச் சுமார் 0.3 பாகை வீழ்ந்ததுபோலத் தெரிந்த மர்மத்தை, இந்தக் கலவை மாற்றமே உண்டாக்கியது என்று தொம்சனும் சக ஆய்வாளர்களும் 2008இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். கடல் குளிரவில்லை, அளந்தவர்கள் மாறினார்கள்.

அந்தப் போர் நம் கரைக்கும் வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. போர்க்காலக் கப்பல்கள் வழி மாறின, பாதுகாப்புக்காக மௌனம் காத்தன, இரவில் விளக்கேற்றி வெப்பமானியைப் பார்க்கத் தயங்கின. அந்த ஆண்டுகளின் கிழக்குக் கடலைப் பற்றி வரைபடம் சொல்வதை, அந்த ஆண்டுகளின் வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அளந்த பின்னும் தேர்வு முடிவதில்லை. யப்பானியக் கப்பல்களின் 1930களின் பதிவுகளைத் துளையட்டைகளில் ஏற்றியபோது ஒரு தொகுதியில் தசமப் புள்ளிக்குப் பின்னான இலக்கம் வெட்டப்பட்டிருந்தது என்பதை டுவோ சான், எலிசபெத் கென்ட் முதலியோர் 2019இல் கண்டறிந்தனர். வட பசிபிக் அக்காலத்தில் குறைவாகவே வெப்பமடைந்தது என்ற தோற்றத்தின் ஒரு பகுதிக்கு, அட்டையில் இடம் மிச்சப்படுத்திய அந்த வெட்டுத்தான் காரணம். நாட்டுக்கு நாடு, தொகுதிக்குத் தொகுதி பிரித்து ஒப்பிட்டதால்தான் இது வெளிவந்தது. எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிச் சராசரி எடுத்திருந்தால் என்றும் தெரிந்திராது. சிக்கலுக்கிடமான அளவீட்டை எறிந்துவிடாமல், அதன் பிறப்பு விபரத்தோடு சேர்த்து வைத்திருப்பதே பின்வருவோர் அதைத் திருத்த வழிசெய்கிறது.

4. முகிலென்று தள்ளப்படும் குளிர்நீர்

1981 முதல் செய்மதிகளின் அகச்சிவப்புக் கருவிகள் கடலை நாளாந்தம் பார்த்துவருகின்றன. கப்பல் போகாத இடம் என்ற குறை அவற்றுக்கு இல்லை. ஆனால் முகிலை ஊடுருவ அவற்றால் முடியாது. கல்முனைக்கு மழை தருவது வடகீழ் பருவம். நவம்பர் முதல் ஜனவரி வரை வானம் மூடிக்கிடக்கும் அந்த மாதங்களில்தான் வங்காள விரிகுடாவின் தாழமுக்கங்கள் இக்கரையை நாடி வருகின்றன. 1978 நவம்பரில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைச் சிதைத்த சூறாவளி அந்தப் பருவத்தில்தான் வந்தது. 2024 நவம்பர் இறுதியில், பின்னர் பெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் கிழக்குக் கரையை ஒட்டி மெல்ல நகர்ந்தபோது அம்பாறை மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. காரைதீவில் மதரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் பறிபோயின. மெல்ல நகரும் தாழமுக்கம் தன் கீழுள்ள சிறிய கடற்பரப்பிலிருந்து எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுகிறது என்பதை அறிய வேண்டிய நாட்களில், வரைபடம் பெரும்பாலும் குருடாகிறது. ஒஸ்ரியா எனப்படும் பிரித்தானிய நாளாந்த வரைபடம், புதிய அவதானிப்பு இல்லாத இடத்தில் நேற்றைய வரைபடத்தை எடுத்து, பருவச் சராசரியை நோக்கிச் சற்று நகர்த்தி, இன்றைய வரைபடமாக்குகிறது. நிறங்களைப் பார்ப்பவருக்கு எது அளக்கப்பட்டது, எது நேற்றிலிருந்து வந்தது என்று தெரிவதில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. முகிலை அடையாளம் காணும் வழிகளுள் முக்கியமானது வெப்பநிலையே: முகில் கடலைவிடக் குளிர்ந்தது. எனவே ஓரிடத்தில் எதிர்பார்த்ததைவிட மிகக் குளிர்ந்த அளவீடு கிடைத்தால், அது முகிலாக இருக்கலாம் என்று நிரல் அதைத் தள்ளிவிடுகிறது. ஆனால் மேலெழும் குளிர்நீரும், சூறாவளி கடந்தபின் கடலில் விட்டுச்செல்லும் குளிர்த்தடமும் எதிர்பார்த்ததைவிடக் குளிர்ந்தவைதாம். ஆகவே விதி பிழையாகும் இடம் தற்செயலானதல்ல: கடல் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்ளும் இடத்தையும் நாளையும் தேர்ந்தெடுத்தே அது பிழைக்கிறது. மேலெழும் குளிர்நீர் ஊட்டச்சத்தைக் கொண்டுவரும். அதைத் தேடி நெத்தலியும் சாளையும் கூடும். அவற்றைத் தேடிச் சூரை வரும். மீனவருக்குப் பொருள் தரும் அந்தக் குளிர்ச்சிதான் வடிகட்டியில் முதலில் சிக்குகிறது.

முகிலை ஊடுருவும் நுண்ணலைக் கருவிகள் 1997இல் ஏவப்பட்ட வெப்பவலய மழைச் செய்மதியோடு பரவலான பயன்பாட்டுக்கு வந்தன. அவை நடுக்கடலுக்குப் பெருங்கொடை. ஆனால் நிலத்திலிருந்து வரும் நுண்ணலைக் கதிர்ப்பு அளவீட்டைக் கெடுப்பதால், கரையிலிருந்து ஏறத்தாழ 50 முதல் 100 கிலோமீற்றர் வரையான அளவீடுகள் விலக்கப்படுகின்றன. கல்முனையின் ஒருநாள் படகுகள் தொழில்செய்யும் கடல் முழுவதும் இந்த விலக்கிய பட்டைக்குள் அடங்கிவிடுகிறது. பருவ மழையில் அகச்சிவப்பு இல்லை. கரையோரத்தில் நுண்ணலை இல்லை. இரண்டும் இல்லாத ஒரு காலமும் ஒரு பரப்பும் அம்பாறைக் கரைக்கே உரியவைபோல ஒன்றுசேர்கின்றன.

ஆழம் பற்றியும் ஒரு சொல். அகச்சிவப்புக் கருவி பார்ப்பது ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு தடிப்பான மேல்தோலை. மிதக்கும் சிறு மிதவை அளப்பது சுமார் 20 சென்ரிமீற்றர் ஆழத்தை. கப்பல் உள்ளிழுப்பது பல மீற்றர் ஆழத்து நீரை. பருவங்கள் மாறும் ஏப்ரலில், காற்று ஓய்ந்து கடல் எண்ணெய்போலக் கிடக்கும் நண்பகலில், இவற்றுக்கிடையே ஒரு பாகைக்கு மேல் வேறுபாடு வரலாம். அதனால் ஒஸ்ரியா காற்றின் வேகம் செக்கனுக்கு 6 மீற்றருக்குக் குறைந்த பகல் அளவீடுகளை விலக்குகிறது. பவளப்பாறை வெளிறலைக் கண்காணிக்கும் நோவாவின் வரைபடம் இரவு அளவீடுகளை மட்டும் எடுக்கிறது. இந்த விலக்கலில் எனக்குக் குறை இல்லை. நோக்கம் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. விதி அந்த நோக்கத்திலிருந்து பிறக்கிறது. மற்ற விதிகளிலும் எதிர்பார்ப்பது இதையே.

5. ஐயத்துக்குரிய உண்மை

கடலில் ஆழம் கூடக்கூட வெப்பம் குறையும் என்பது பாடநூல். கப்பலிலிருந்து வீசும் எறிவெப்பமானி ஒன்று, மேலே குளிர்ந்தும் கீழே சூடாகவும் ஒரு பதிவைத் தந்தால், கருவி பழுது என்று சந்தேகிப்பது இயல்பு. வங்காள விரிகுடாவில் அது பழுதல்ல. கங்கை, பிரமபுத்திரா, மகாநதி, கோதாவரி ஆகியவை கொட்டும் நன்னீர் மெல்லிய மூடியாகக் கடல்மேல் படர்கிறது. உப்புக் குறைந்த அந்த நீர் குளிர்காலத்தில் குளிர்ந்தாலும், கீழேயுள்ள உப்பு நீரைவிட எடை குறைந்ததாயிருப்பதால் மேலேயே நிற்கிறது. சூடான நீர் கீழே பத்திரமாகக் கிடக்கிறது. கோவாவிலுள்ள இந்தியத் தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் ததாதிலும் சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, விரிகுடாவின் வடக்கிலும் மேற்கிலும் குளிர்காலத்தில் இந்தத் தலைகீழ் அடுக்கு வழக்கமானதே என்று நிறுவியது. அதே நன்னீரை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கரையோர நீரோட்டம் தெற்கே இறக்கி இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டிக் கொண்டுவருகிறது.

எறிவெப்பமானி உப்பை அளப்பதில்லை. ஆகவே தலைகீழ் அடுக்கு உண்மையா, கருவிப் பழுதா என்று அந்தப் பதிவைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க வழியில்லை. அத்திலாந்திக்குக்குப் பொருந்தும் ஐயத்தை அப்படியே இங்கு பிரயோகித்தால், இந்த விரிகுடாவின் அடையாளமான ஓர் இயல்பு தரவுத் தொகுப்பிலிருந்து மெல்ல மெல்ல அழியும். இதன் விலை சிறிதல்ல. நன்னீர் மூடி இருக்கும்போது சூறாவளி கடலைக் கலக்கினாலும் மேற்பரப்பு குளிராமலே இருக்கலாம் என்று தேபாசிஸ் சென்குப்தாவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வட விரிகுடாவுக்குக் காட்டினார்கள். சூறாவளி தன் உணவைத் தானே குளிர்வித்து வலுவிழக்கும் வழி அங்கே அடைபடுகிறது. மேற்பரப்பு வரைபடம் எவ்வளவு துல்லியமாயினும் இந்தச் செய்தி அதில் இராது. கீழே கிடக்கும் சூடு தெரிய வேண்டும்.

விதிகளை இடத்துக்கேற்ப நெகிழ்த்த முடியாது என்றும் சொல்ல முடியாது. உலகக் கடல் தரவுத்தளம், திறந்த கடலில் சராசரியிலிருந்து நியம விலகலின் 3 மடங்குக்கு மேல் விலகும் அளவீட்டை ஐயத்துக்குரியதெனக் குறிக்கிறது. கரை தொடும் சதுரங்களின் மேல்நீரில் அந்த எல்லையை 5 மடங்காக உயர்த்துகிறது. கரையோரம் இயல்பிலேயே கொந்தளிப்பானது என்ற அறிவு விதிக்குள் வந்துவிட்டதற்கு அது சான்று. இன்னும் ஓரடி போய், பருவத்தையும் நன்னீரையும் விதிக்குள் கொண்டுவருவதே மிச்சம்.

6. எது அண்டை?

அளவீடு இல்லாத புள்ளிக்கு அண்டை அளவீடுகளிலிருந்து மதிப்புக் காணும் கணிதத்தை லெனின்கிராட்டில் லெவ் காந்தின் 1963இல் நூலாக்கினார். இன்றைய வரைபடங்கள் பலவற்றின் அடித்தளம் அதுவே. அண்டை அளவீடுகள் ஒவ்வொன்றுக்கும், தூரமும் நம்பகத்தன்மையும் பார்த்து ஓர் எடை தரப்படுகிறது. முழுப் பாரமும் தாங்கும் தூண் இதில் ஒன்றுதான்: எவ்வளவு தூரம் வரை ஓர் அளவீடு இன்னொன்றைப் பற்றிப் பேச முடியும்? நோவாவின் நாளாந்த வரைபடத்தில் அந்தத் தூரம் சராசரியாக ஏறத்தாழ 150 கிலோமீற்றர். கல்முனைக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட தூரமும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே கால் பாகைக்கு ஒரு புள்ளி, அதாவது சுமார் 27 கிலோமீற்றருக்கு ஒரு புள்ளி என்று அழகாக வரையப்பட்ட படத்தில், கல்முனைப் புள்ளியும் திருகோணமலைப் புள்ளியும் ஒரே சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். படத்தின் நுணுக்கம் வேறு, தகவலின் நுணுக்கம் வேறு.

தூரம் மட்டுமே அண்டையைத் தீர்மானிப்பதா என்ற கேள்விக்கு ஆர்கோ திட்டத்தார் பயனுள்ள விடை ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். 1,000 மீற்றர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கொருமுறை 2,000 மீற்றரிலிருந்து மேற்பரப்பு வரை அளந்து செய்தி அனுப்பும் தானியங்கி மிதவைகளை இயக்கும் திட்டம் அது. அம்மிதவைகளின் உவர்மானிகள் காலப்போக்கில் தடுமாறுவதைச் சரிபார்க்க, பழைய அளவீடுகளிலிருந்து ஒப்பீட்டுத் தொகுதியொன்றைத் தெரிவு செய்ய வேண்டும். அவர்கள் பயன்படுத்தும் முறை தொகுதியின் மூன்றிலொரு பங்கைப் பரந்த வட்டத்திலிருந்து தற்செயலாக எடுக்கிறது. அடுத்த பங்கைப் பெருந்தூர அளவுகோலின்படி நெருங்கியவற்றிலிருந்து. கடைசிப் பங்கை இடத்தாலும் காலத்தாலும் மிக நெருங்கியவற்றிலிருந்து. நெருங்கியவை மட்டும் போதாது, ஒரே கப்பலின் ஒரே பயணம் அனைத்தையும் ஆண்டுவிடும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. 2005இல் பேமேயும் செண்டும் இம்முறையில் கடலடி ஆழத்தையும் சேர்த்தார்கள். ஆழமான நீரும் ஆழங்குறைந்த நீரும் வரைபடத்தில் பக்கத்தில் இருந்தாலும் அவற்றுக்கிடையே எளிதில் கலப்பு நிகழ்வதில்லை. எனவே ஒரே ஆழக்கோட்டில் உள்ள அளவீடு தூரத்திலிருந்தாலும் நெருங்கிய உறவு.

அம்பாறைக் கரைக்கு இந்தத் திருத்தம் அளந்து தைத்ததுபோலப் பொருந்துகிறது. கண்டமேடை இங்கு ஒடுங்கியது. சில பத்துக் கிலோமீற்றருக்குள் கடலடி செங்குத்தாக ஆழ்ந்துவிடுகிறது. சரிவுக்கு அப்பால் 100 கிலோமீற்றரில் உள்ள ஆர்கோ பதிவைவிட, கரையோரமாகவே தெற்கிலோ வடக்கிலோ 100 கிலோமீற்றரில் எடுத்த பதிவு நிந்தவூர் மேடைக்கு அண்டை. சாதாரண வட்ட விதியோ இரண்டையும் சமமாக நிறுக்கும். ஆழம்சார்ந்த அண்டை விதியைக் கரையோர மேற்பரப்பு வரைபடத்துக்கும் விரிப்பது புதிய கருவியோ கப்பலோ கேட்கும் வேலை அல்ல. இருக்கிற அளவீடுகளை மறுபடி தெரிவு செய்யும் வேலை.

7. மறுப்புகள்

இங்கே மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, தேர்வு பற்றிப் பேசுவதே புவி வெப்பமடைதலை மறுப்போருக்கு ஆயுதம் கொடுப்பதாகும் என்பது. இதற்கு விடை எண்களிலேயே இருக்கிறது. வாளி அளவீடுகளைத் திருத்தும்போது பழைய வெப்பநிலை உயர்கிறது. அதனால் நீண்டகால வெப்பமடைதலின் அளவு, திருத்தாத தரவு காட்டுவதைவிடக் குறைகிறது. வேண்டிய முடிவுக்காகத் தேர்ந்தெடுப்பவர்கள் எதிர்த்திசையில் திருத்தமாட்டார்கள். மிதவை மட்டும், செய்மதி மட்டும், ஆர்கோ மட்டும் என்று தனித்தனியே எடுத்த தொடர்கள் திருத்திய தொகுப்போடு ஒத்துப்போவதையும் 2017இல் ஹவுஸ்ஃபாதர் முதலியோர் காட்டினர். கடல் மேற்பரப்பு 1850–1900 காலத்தோடு ஒப்பிட 2011–2020இல் 0.88 பாகை வெப்பமடைந்தது என்ற, காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழுவின் முடிவு இந்த விவாதங்களைத் தாண்டி நிற்கிறது. உலகச் சராசரியில் ஒன்றையொன்று சமன்செய்யும் தவறுகள் ஒரு கரையின் எண்ணில் சமன்படுவதில்லை என்பதே இங்கு சொல்லப்படுவது.

இரண்டாவது மறுப்பு: ஒவ்வொரு கரைக்கும் ஒரு விதி என்றால் ஒப்பிடவே முடியாது. இது கனமான மறுப்பு. ஆனால் ஒரே விதி வேறுபட்ட கடல்களில் வேறுபட்ட அளவு தகவலைக் கழிக்கிறதென்றால், அந்த ஒப்பீடு ஏற்கெனவே குலைந்துவிட்டது. உலகத் தொகுப்பு அப்படியே இருக்கட்டும். அதே மூல அளவீடுகளிலிருந்து, விலக்கியவற்றையும் விலக்கிய காரணத்தோடு திரும்ப எடுத்து, வேறு நோக்கத்துக்கு வேறு வரைபடம் வரைய வழியிருக்க வேண்டும். பெரும் தொகுப்புகள் பல ஐயத்துக்குரிய அளவீட்டை அழிக்காமல் குறியிட்டு வைக்கும் நல்ல மரபு உடையவை. அதைப் பயன்படுத்துவோர்தான் நம் பக்கத்தில் குறைவு.

மூன்றாவது: கணினி மாதிரிகள் கடலின் இயற்பியலை அறியும், அவை இடைவெளியை நிரப்பும். இலங்கைக் குவிமாடத்தை விளக்கியதில் மாதிரிக்கு இருந்த பங்கே இதற்குச் சான்றாகக் காட்டப்படலாம். ஆனால் மாதிரியும் தன் முன்கணிப்பிலிருந்து மிக விலகிய அளவீட்டைத் தள்ளுகிறது. மாதிரி எங்கே பிழைக்கிறதோ அங்கேதான் சரியான அளவீடு மிக விலகித் தெரியும். 2016 யூன், யூலையில் சிந்து சாதனா என்ற இந்திய ஆய்வுக் கப்பல் 8 பாகை அகலாங்கு வழியே நீர்மூழ்கி ஊர்திகளுடன் தென் விரிகுடாவை அளந்தது இந்த முட்டுச்சந்தைக் கடக்கத்தான். அந்தக் கோடும் 85 பாகைக்குக் கிழக்கே அமைந்தது. நிலையான மிதவையோ இன்னும் தொலைவு: ராமா எனப்படும் பருவக்காற்று மிதவை வரிசையில் 8 பாகை வடக்கு, 90 பாகை கிழக்கில் உள்ளது கல்முனையிலிருந்து ஏறத்தாழ 900 கிலோமீற்றர்.

8. நகரும் வெப்பமானிகள்

ஆய்வுக் கப்பல்களை நம்பி இக்கரை காத்திருக்க முடியாது என்பதை வரலாறு சொல்கிறது. நான்சன் என்ற ஆய்வுக் கப்பல் 1978–80இல் இலங்கைக் கடலை அளந்தது. மீண்டும் வந்தது 2018இல். இடையே உள்நாட்டுப் போர். 2024ஆம் ஆண்டு முழுவதற்கும் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு அரசு தடைவிதித்தது. அத்தடைக்கான அரசியல் காரணங்கள் எவையாயினும், அந்த ஆண்டின் வரைபடத்தில் அதுவும் ஒரு தேர்வுதான்.

மறுபுறம், ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீன் இறக்குமதியைத் தடுத்ததன் பின்னணியில், ஏறத்தாழ 1,500 பலநாள் படகுகளில் செய்மதிவழி இருப்பிடம் அறிவிக்கும் கருவி பொருத்தப்பட்டது. ஒவ்வொரு படகும் எங்கே இருக்கிறது என்ற செய்தி ஏற்கெனவே கரைக்கு வருகிறது. அதோடு வெப்பநிலையும் வர வேண்டியதே மிச்சம். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் சிங்கி இறால் பொறிகளில் வெப்பமானி கட்டி அளக்கும் திட்டம் 2001 முதல் நடக்கிறது. நியூசிலாந்தில் தொழில்முறை மீன்பிடிப் படகுகளின் வலைகளோடு இறங்கும் உணர்கருவிகள் மேல்நீரிலிருந்து அடிநீர் வரை அளந்து, வலை மேலே வந்ததும் தாமே செய்தி அனுப்புகின்றன. வலை இறங்கும் ஆழமே அளவீட்டின் ஆழம். நம் கரையில் விடுபடும் மூன்றையும் (கண்டமேடை, முகில் மூடிய நாள், குவிமாடத்தின் அடிநீர்) ஒரே கருவி தொடும்.

மீனவரின் அளவீடு நம்பத்தக்கதா என்பது அடிக்கடி எழும் ஐயம். மிதவைகளைச் சேதப்படுத்துவோர் மீனவரே என்ற குற்றச்சாட்டும் சேர்ந்து வரும். மிதவையின் நிழலில் சூரை கூடுவதால் படகுகள் அதில் கட்டிக்கொள்வதும் கருவிகள் சிதைவதும் இந்து சமுத்திரத்தில் உண்மையாகவே நடக்கின்றன. ஆனால் கப்பல் மாலுமியின் வாளி அளவீடு ஒரு பாகைக்கு மேற்பட்ட தற்செயல் பிழையோடு 150 ஆண்டு தரவின் முதுகெலும்பாக இருந்தது. பிழையின் அளவு தெரிந்தால் அளவீடு பயன்படும். அதற்குரிய எடையைக் குறைத்துக் கொடுப்பது காந்தினின் கணிதத்துக்குப் பழகிய வேலை. சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடம் பருவத்துக்கு ஒருமுறை படகுகளின் வெப்பமானிகளை ஒரே நீர்த்தொட்டியில் வைத்து ஒப்பிட்டுக் குறித்தால், பிழையின் அளவு கையில் இருக்கும். யப்பானியத் துளையட்டைகளுக்கு நேர்ந்த கதி இவற்றுக்கு நேராது.

இதைவிடக் கடினமானது மற்றொரு தடை. மீன்படும் இடம் ஒரு படகின் மூலதனம். அதைப் பகிர எவரும் விரும்பார். ஆனால் வெப்பநிலை வரைபடத்துக்கு மீனின் கணக்கு தேவையில்லை. படகின் பெயரும் தேவையில்லை. இருப்பிடத்தைச் சில கிலோமீற்றர் அளவுக்கு மழுக்கியும், பயணம் முடிந்து சில நாட்கள் கழித்தும் வெளியிட்டால் நீண்டகால வரைபடத்துக்கு இழப்பு மிகச் சிறிது. சூறாவளி முன்னறிவுக்கு மட்டும் உடனடித் தரவு வேண்டும். அதை வளிமண்டலவியல் திணைக்களத்துக்குள்ளேயே வைத்திருக்கலாம். தரவைத் தந்த படகுக்கு என்ன திரும்பக் கிடைக்கும் என்பதும் முதலிலேயே பேசித் தீர்க்க வேண்டிய விடயம். தேசிய நீரியல்வள ஆய்வு முகவரகமான நாரா, செய்மதித் தரவைக் கொண்டு சூரை மீன்தள முன்னறிவிப்புகளை மீனவருக்கு வழங்கிவருகிறது. கச்சான் காலத்தில் குவிமாடத்தின் விளிம்பு எந்த ஆழத்தில், எந்தத் தொலைவில் நிற்கிறது என்பதை நம் படகுகளே அளந்து தந்த எண்ணிலிருந்து அந்த முன்னறிவிப்பு சொல்லுமானால், வெப்பமானியைக் கட்டியவரின் கைக்கே அது அடுத்த பயணத்துக்கு முன் வந்து சேர வேண்டும்.